மூடியிருக்கிறதா என்று அமிலத்தைக் கேள்

அன்புள்ள கயல்,

கார்பன் பூசிய இரும்பு நானோ துகள்தான் உன் புராஜெக்ட் என்று அம்மா சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிஎச்.டி. முழுக்க நான் அந்தக் கறுப்புப் பொடியோடுதான் இருந்தேன்.

இரும்பை ஏன் மூட வேண்டும் என்று கைடு கேட்பார். இரும்பு கிராமுக்கு 218 ஈ.எம்.யூ. வரை காந்தமாகும், மேக்னடைட் 92தான். ஆனால் நானோ அளவில் காற்றுப் பட்டாலே இரும்பு ஆக்சைடாகிவிடும், சில சமயம் தீயே பிடிக்கும். அதனால்தான் கிராஃபைட் கவசம். ஈ.டி.எச். சூரிச்சில் ஒரு குழு 2007இல் கார்பன் மூடிய கோபால்ட் துகள்மேல் வேதிக் குழுக்களை ஒட்டி, அவற்றைக் கரைசலிலிருந்து காந்தத்தாலேயே இழுத்தெடுத்துக் காட்டியது. அந்தக் கட்டுரையை முதலில் படி.

குளுக்கோஸும் இரும்பு உப்பும் கலந்து ஆர்கானில் சூடாக்கப் போகிறாய் என்றால் ஒன்றை மறக்காதே: ஃபர்னஸ் முழுக்க ஆறும்வரை ஆர்கானை நிறுத்தாதே. சூட்டோடு திறந்தால் பொடி கனன்றுவிடும்.

டெம் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் 0.34 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்ததும் மனசு துள்ளும். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது பத்து இருபது துகள். மீதிக் கோடானுகோடித் துகள்களுக்கு அமிலம்தான் பதில் சொல்லும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சிட்டிகை போடு. குப்பியின் மூடியை இறுக்காதே, ஹைட்ரஜன் வரும். முதலில் சரசரவென்று நுண்குமிழிகள் கிளம்பும். கவசம் இல்லாத இரும்பு கரைகிறது. மறுநாள் குப்பியின் பக்கவாட்டில் காந்தத்தைப் பிடி. கறுப்பெல்லாம் அங்கே ஒண்டிக்கொள்ளும். தெளிந்த அமிலத்தில் வெளிர்ப் பச்சையோ மஞ்சளோ தெரியும். கழுவிவிட்டுப் புது அமிலம் விடு. அது நிறம் மாறாமல் நிற்கும்வரை விடாதே. மிஞ்சிய பொடிதான் உன் சரக்கு. காந்தத்தை அளக்கும் வி.எஸ்.எம்., படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எக்ஸ்.ஆர்.டி.யில் தாமிரக் குழாய் என்றால் 44.7 டிகிரியில் இரும்பு வரும். அதைச் சுற்றியே இரும்பு கார்பைடும் கூட்டம் போடும், அதுவும் காந்தம்தான். ஆகவே ஸ்கேனை மெதுவாக ஓடவிடச் சொல்.

வி.எஸ்.எம். எண் குறைவாக வந்தால் பதறாதே, கார்பனின் எடையும் அதில் சேர்ந்திருக்கிறது. சூடாக்கியபடியே எடை பார்க்கும் டி.ஜி.ஏ.வைக் காற்றில் ஓட்டு. கார்பன் எரிந்துபோய், இரும்பு சிவப்பு ஆக்சைடாக நிற்கும். அந்த ஆக்சைடின் எடையை 0.7ஆல் பெருக்கினால் இரும்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

வரைபடம் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். கையுறை போட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா