காணாத தேசத்தின் நீலச் சித்திரம்

நம் இல்லங்களில் பீங்கான் என்றே வழங்குவோம். பார்ஸியின் பிங்கான், அரபியின் ஃபின்ஜான் ஆகியவற்றுக்கு உறவுடைய சொல் அது. ஆயினும் நாம் இங்குப் பேசப் புகுவது மெய்யான பீங்கானைப் பற்றியன்று. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வெண்களிமண்ணால் வனைந்து, அமெரிக்கக் காட்சிகளை நீலத்தில் பதித்து, அமெரிக்கருக்கே கப்பலேற்றிய தட்டுகளைப் பற்றி. அவற்றின் படங்களை ஒரு நூலில் கண்ட நாள் முதல் அவை நம் சிந்தையை விட்டு அகலவில்லை.

1814-இல் வாஷிங்டன் நகரின் கேபிடல் மாளிகைக்குத் தீயிட்டது ஆங்கிலப் படை. போர் ஓய்ந்த சில ஆண்டுகளிலேயே அதே மாளிகையைத் தட்டில் எழுதி அந்நாட்டாருக்கு விற்றனர் ஆங்கிலக் குயவர். வாணிபத்திற்கு மறதி மிகுதி!

செப்புத் தகட்டில் காட்சியைச் செதுக்குவர். கோபால்ட் நீலத்தை எண்ணெயில் குழைத்துத் தகட்டில் தேய்த்து, மெல்லிய தாளில் அச்செடுப்பர். மை உலருமுன் அத்தாளை, ஒருமுறை சுட்டு மெருகேறாதிருக்கும் தட்டின்மேல் ஒட்டி அழுத்தித் தேய்ப்பர். நீரில் இட்டால் தாள் கழன்றுவிடும், சித்திரம் தங்கிவிடும். பின்னர் மெருகு பூசிச் சுட்டால், நீலம் கண்ணாடிப் படலத்தின் கீழ் அகப்பட்டு, எத்தனை முறை கழுவினும் அழியாது. அத்தாளைக் கத்தரித்துக் கொடுத்தவர்கள் சிறுமியர். 1840களின் தொடக்கத்தில் ஸாமுவேல் ஸ்கிரிவன் என்னும் அதிகாரி அத்தொழிற்கூடங்களுக்குச் சென்று சிறாரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். தட்டின் பின்புறத்தில் முதலாளியின் முத்திரை உண்டு. அச்சிறுமியரின் பெயர் இல்லை.

ஜேம்ஸ், ரால்ஃப் க்ளூஸ் சகோதரர் செய்த ஒரு தட்டின் விளிம்பில் 15 மாநிலங்களின் பெயர்கள் வளைந்தோடுகின்றன. 1820களில் மாநிலங்களோ 24! நடுவே தோன்றும் மாளிகைகளுட் சில இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகள் என்பர் ஆய்ந்தோர். ஜான் ரிட்ஜ்வே என்பார் 1822-இல் தாமே அமெரிக்கா சென்று வந்தார். செதுக்கியவர்களுக்கோ அவ்வாய்ப்பு ஏது? பிறர் வரைந்த படங்களே அவர்தம் கண்கள். குர்துபாப் பள்ளியின் தூண்களைக் கண்டிராத நாம் முப்பதாண்டுகளாக மாணவர்க்கு அவற்றை விவரித்து வருகிறோம். ஆகவே அச்சிற்பிகளைப் பழிக்க நமக்கு நா எழவில்லை. கண்டவர் சொல்லைக் காணாதவர் சுமந்து செல்லாவிடில் கல்வியே ஏது? ஆனால் மாநிலங்களை எண்ணிப் பார்த்திருக்கலாம். அதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை.

க்ளூஸ் சகோதரரின் தொழில் 1830களில் நொடித்தது. ஜேம்ஸ் க்ளூஸ் அமெரிக்கா சென்று, இண்டியானா மாநிலத்தின் டிராய் என்னும் ஊரில் பாண்டத் தொழில் தொடங்கினார். அவ்வூர்க் களிமண் அவர் விரும்பிய வெண்பாண்டத்திற்கு இசையவில்லை. கைதேர்ந்த தொழிலாளரும் போதிய அளவில் கிடைக்கவில்லை. இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார்.