கம்பத்திலிருந்து மேஜைவரை

ஜூன் 1, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்குக்கு இன்னும் இரண்டு மாதம்தான். அன்றைக்குத்தான் சிவகாசியில் புது வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். அதனால் வைகாசியும் ஆனியும் வீட்டில் உட்கார்ந்து டிசைன் போடுகிற என்னைப் போன்றவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள்.

படம் போடுவது பெரிதில்லை, அதை பிரஸ்ஸுக்கு அனுப்புவதுதான் பாடு. 15க்கு 20 இன்ச் காலண்டர் படம் ஒன்று, 300 டிபிஐ, நான்கு கலர். லேயரையெல்லாம் ஒட்டி ஒன்றாக்கிய பிறகும் 108 எம்பி வரும். எங்கள் வெம்பக்கோட்டையில் சாயங்காலம் ஊரே செல்போனைக் கையில் எடுக்கிற நேரத்தில் என் ஹாட்ஸ்பாட்டின் அப்லோட் 2 எம்பிபிஎஸ் தாண்டுவதில்லை. அந்த வேகத்தில் ஒரு படம் ஏற ஏழு நிமிஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அவசரம் என்றால் பென்டிரைவை எடுத்துக்கொண்டு சிவகாசி பஸ் ஏற வேண்டியதுதான்.

இந்த மாதம் வீட்டுக்கு ஃபைபர் இழுத்தே ஆக வேண்டும். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

இன்டர்நெட் கம்பெனிகளின் நோட்டீஸ்களை மேஜையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் இருப்பது டவுன்லோட் வேகம். எனக்கு வேண்டியது அப்லோட். ஒவ்வொரு நம்பருக்கும் போன் போட்டு அதைத்தான் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்று சிலர் உடனே சொன்னார்கள். ஒருவர் விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார், கூப்பிடவே இல்லை.

நோட்டீஸில் 30 எம்பிபிஎஸ் என்று இருப்பது மெகாபிட். ஃபைலின் அளவோ மெகாபைட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 3.75 எம்பி. என் 108 எம்பி படம் அரை நிமிஷத்தில் போய்விடும். அப்படியானால் 30 எம்பிபிஎஸ்ஸே எனக்கு ஏராளம், அது மேலே போகிற பக்கமும் இருந்தால். 2020-இல் ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் என்று அறிவித்தபோதுதான் இந்த வேகம் சாதாரண வீடுகளின் கணக்குக்குள் வந்தது. 399 என்பதும் கையில் கொடுக்கிற தொகையில்லை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 470 ரூபாய் 82 காசு. அன்லிமிடெட் என்று போட்டிருந்தாலும் மாதத்துக்கு 3,300 ஜிபி என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அவ்வளவை எங்கள் வீடு தொடப்போவதில்லை.

நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்லக் குறைந்தது எவ்வளவு வேகம் இருக்க வேண்டும் என்பதற்கு அரசாங்க வரையறை உண்டு. 2013-லிருந்து 512 கேபிபிஎஸ்ஸாக இருந்ததை 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். அப்படிப் பார்த்தால் சாயங்காலத்தில் தத்தளிக்கிற என் ஹாட்ஸ்பாட்டும் அந்த எல்லையைத் தொட்டுவிடும். வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு இந்த அளவு போதவே போதாது.

ஜூன் 6, வெள்ளி

இன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் லைனைப் பார்த்துவிட்டு வந்தேன். நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு எந்தக் கம்பெனியின் கேபிள் எந்த வழியாக எங்கள் தெருவுக்கு வருகிறது என்று நடந்தே பார்த்தேன். ஃபைபர் போடப்போகிற எல்லாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: பிளானைப் பிறகு பாருங்கள், முதலில் கம்பத்தைப் பாருங்கள்.

இது கரிசல் பூமி. மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பிளக்கும். குழி வெட்டிப் புதைத்த கேபிளை மண்ணே இழுத்துப் பார்க்கும். நட்ட கம்பமும் ஒரு பக்கம் சாயும். 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தைத் தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்குக் கொண்டுபோகிறது. அதிலும் பெரும்பகுதி கேபிள் மின்கம்பங்கள் வழியாகத்தான் போகிறது. வீட்டு லைன்களும் அப்படியே: கம்பத்துக்குக் கம்பம், நடுவில் ஒரு வேப்பமரம், ஒரு மொட்டைமாடிச் சுவர்.

ஒரு கம்பெனியின் கேபிள் மெயின் ரோட்டைக் குறுக்கே தாண்டுகிற இடத்தில் தொட்டில் போலத் தொங்குகிறது. வெடிக் கேஸ் அட்டைப்பெட்டிகளை உச்சிவரை அடுக்கிக்கொண்டு லாரி போகிற ரோடு அது. ஆனி, ஆடிக் காற்றில் இன்னும் தாழும். இன்னொன்றில் மிச்சக் கேபிளைச் சுருள் சுருளாகக் கம்பத்திலேயே விட்டிருக்கிறார்கள், ஜாயிண்ட் பெட்டிக்கு மூடி இல்லை. எங்கள் ஊர் கேபிள் அண்ணாச்சி போட்ட லைன் மட்டும் ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் உயரமான கம்பத்தில் ஏறியிருக்கிறது. பெட்டிகள் மூடியிருக்கின்றன. வேகத்தில் அவருடையது குறைவுதான், மாதத்துக்கு ஐம்பது ரூபாய் கூடுதலும்கூட.

ஜூன் 8, ஞாயிறு

லைன் பிடித்திருந்ததால் அண்ணாச்சியின் ரூமுக்குப் போனேன். டிவி கேபிள் காலத்திலிருந்து அதே ரூம்தான். அலமாரி உயரத்துக்கு ஒரு ரேக், அடியில் பேட்டரிகள்.

"கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நாலு மணி நேரம் தாங்கும்மா. அதுக்கு மேல போச்சுன்னா ஜெனரேட்டர் கொண்டுவரச் சொல்லிருவேன். உங்க வீட்டு மோடத்துக்கும் கரண்ட் வேணும்ல, அதுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வச்சுக்கோங்க."

வீட்டு வெளிச்சுவர்வரை கேபிள் அவர் செலவு. மோடத்துக்கு டெபாசிட், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். அதை ரசீதில் எழுதித் தரச் சொன்னேன், எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை உண்டு என்றார். முதல் மாதம் பார்த்துவிட்டுக் கட்டுகிறேன் என்றேன். "நல்லதும்மா, பாத்துட்டே கட்டுங்க" என்றார். லைன் அறுந்தால் யார் வருவார்கள் என்றும் கேட்டேன். பக்கத்தில் நின்ற பையனைக் காட்டினார். அவனுக்கு எங்கள் தெருவேதான்.

ஜூன் 11, புதன்

காலையில் அண்ணாச்சி காட்டிய அந்தத் தம்பி ஏணியோடு வந்துவிட்டான். கம்பத்திலிருந்து இழுத்த கறுப்புக் கேபிளின் இரண்டு ஓரத்திலும் தாங்குவதற்காக ஸ்டீல் கம்பி இருந்தது. அதை வெளிச்சுவரிலேயே வெட்டிக் கொக்கியில் கட்டிவிட்டு, நடுவில் இருக்கிற கண்ணாடி இழையை மட்டும் உள்ளே விடச் சொன்னேன். சித்திரை இடியில் பழைய டெலிபோன் ஒயர் வழியாக மின்னல் இறங்கி மோடம் கருகியதைப் பார்த்த வீடு இது. கண்ணாடியில் மின்சாரம் ஏறாது, ஸ்டீலில் ஏறும். பட்டாசு ஆபீஸ்களில் இடி இறங்காமல் இருக்க எவ்வளவு பார்க்கிறார்கள் என்று தெரிந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தம்பி மறுபேச்சில்லாமல் வெட்டினான்.

முனையில் ஃபாஸ்ட் கனெக்டரை மாட்டிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும். நாளாக ஆக அதில் ஒளி குறையும் என்பதால் மிஷின் வைத்தே ஒட்டச் சொல்லியிருந்தேன். திண்ணையில் துண்டை விரித்து மிஷினை வைத்தான். மேல் பூச்சை உரித்தான், ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தான். கட்டரில் வைத்து ஒரு தட்டு. மீந்த துணுக்கை ஒரு சின்ன மாத்திரை டப்பாவுக்குள் போட்டு மூடினான். "தரையில விழுந்தா கண்ணுக்கே தெரியாதுக்கா, பிள்ளைக கால்ல ஏறிரும்" என்றான். மொத்த இழையே 125 மைக்ரான்தான். ஒளி ஓடுகிற நடுப்பகுதி ஒன்பது மைக்ரான்.

மிஷினின் சின்னத் திரையில் இரண்டு முனைகளும் எதிரெதிரே வந்து நின்றன. ஒரு முனை லேசாக மேலே போய், கீழே இறங்கி, மற்றதோடு நேரானது. நடுவில் பளிச்சென்று ஒரு பொறி. அடுத்த நொடி திரையில் ஒரே கோடு, 0.02 டெசிபல் இழப்பு என்று எண் வந்தது. அத்தை எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். எனக்குச் சார்லஸ் காவ் ஞாபகம் வந்தார். கண்ணாடியில் ஒளி சீக்கிரம் செத்துப்போகக் காரணம் அதிலிருக்கிற அழுக்குதான், சுத்தமான கண்ணாடியில் அது வெகுதூரம் போகும் என்று 1966-இல் சொன்னவர். 2009-இல் அதற்கு நோபல் கொடுத்தார்கள். அவர் சொன்ன அந்தக் கண்ணாடிதான் இன்று எங்கள் திண்ணையில் ஒட்டுப்பட்டுக் கிடந்தது.

அதோடு முடியவில்லை. மோடத்தில் மாட்டுவதற்கு முன் ஒளி எவ்வளவு வருகிறது என்று பவர் மீட்டரில் பார்த்தான்: மைனஸ் 25.9. நெட் வரும் என்றான். வரும்தான், மைனஸ் 27 வரைக்கும் மோடம் படிக்கும். ஆனால் கணக்கு இடித்தது. அண்ணாச்சி ரூமில் கிளம்பும்போது ப்ளஸ் 4. வழியில் எட்டு வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் பத்தரை தின்னும். கேபிள், ஜாயிண்ட் எல்லாம் சேர்ந்து இரண்டு. மைனஸ் 19 பக்கம் வர வேண்டும். மூன்று டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும், இங்கே அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் குறைகிறது.

"எங்கயாச்சும் மடங்கியிருக்கும் தம்பி, பாருங்க" என்றேன். ஜன்னல் மூலையில் கிளிப் அடித்த இடத்தில் இழை செங்குத்தாகத் திரும்பியிருந்தது. வளைவு குறுகினால் ஒளி உள்ளேயே பட்டுத் திரும்பாமல் வெளியே கசிந்துவிடும். கிளிப்பைப் பிடுங்கி, அகலமாக வளைத்து மறுபடி அடித்தான். மீட்டரில் மைனஸ் 19.6.

அந்த எண்ணை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்தேன். இனி எப்போது நெட் மந்தமானாலும் முதலில் அதைக் கேட்பேன். பச்சைக் கனெக்டரைப் பச்சையோடுதான் மாட்ட வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதினேன். பச்சையின் முனை எட்டு டிகிரி சாய்த்துச் சீவியது, நீலம் நேர்முனை. மாற்றிச் செருகினால் ஒளி போய்விடும்.

ஜூன் 15, ஞாயிறு

மோடம் நடு அறையில். கம்ப்யூட்டருக்கு லேன் ஒயர் இழுத்தாயிற்று. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமாக இருக்கிறது, ஆனால் எங்கள் பழைய கல்சுவரைத் தாண்டினால் நின்றுவிடுகிறது. அடுப்படியில் அத்தையின் போனுக்கு 2.4. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் 19, வியாழன்

பக்கத்து வீட்டு மதினி பட்டாசு ஆபீஸிலிருந்து திரும்பியதும் மகளோடு வந்தாள். ஆபீஸுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. பகல் முழுவதும் பிள்ளைக்கு வீட்டில் என்ன வந்தது, எது போனது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு சான்றிதழை ஏற்றச் சொல்லிக் கல்லூரியிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது, மத்தியானத்திலிருந்து போனில் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். என் மேஜையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையே ஏற்றினாள். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. மதினி நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். படிக்கிற பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இது வந்து சேர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஜூன் 26, வியாழன்

மத்தியானம் மோடத்தில் சிவப்பு விளக்கு. தீவனம் ஏற்றி வந்த லாரி தெருமுனையில் கேபிளை இழுத்துவிட்டதாம். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், தம்பி ஏற்கெனவே கம்பத்தில் இருக்கிறான் என்றார். காபி நேரத்துக்குள் பச்சை வந்துவிட்டது. எண் என்ன என்று கேட்டேன், மைனஸ் 19.9 என்றான். ஜாயிண்ட் ஒன்று கூடியதற்கு இது சரிதான். அறுந்த இடத்தில் கேபிளை ஒரு முழம் உயர்த்திக் கட்டியும்விட்டான்.

சாயங்காலம் நான்கு படங்களை அனுப்பினேன். பிரஸ்ஸிலிருந்து ஒன்றில் தேதிக் கட்டம் தள்ளியிருக்கிறது என்று சொன்னார்கள், திருத்தி மறுபடி அனுப்பினேன். மதினி வீட்டுக்கும் லைன் இழுக்கச் சொல்லியிருக்கிறாள். எங்கள் கம்பத்துப் பெட்டியில் ஒரே ஒரு போர்ட் மிச்சம் இருக்கிறது. அதை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ஆபீஸில் சம்பளம் போட்டதும் அவள் முன்பணம் கட்டுவாள்.