தரைக் கியர்

சோழவரம் என்பதை எங்கள் வீட்டில் யாரும் ஊர்ப்பெயராகச் சொன்னதில்லை. அது தந்தையாரின் இளமைக்கு வேறொரு பெயர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்திவந்தது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாம் ஏறிச்சென்ற அதே பியட்டும் ஹெரால்டும் அங்கே பந்தய வண்டிகளாகப் பறந்தன. வெயிலில் நின்று அதைப் பார்த்த தந்தையார், பல ஆண்டுகள் கழித்துக் கள்ளக்குறிச்சிக்கு ஒரு பழைய பியட் 1100ஐ ஓட்டிவந்தார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் திறந்தபின் சோழவரம் நினைவாயிற்று. இப்போது தந்தையாரும் நினைவாகிவிட்டார்.

வண்டி எஞ்சியது. அண்ணன் தம்பி நாங்கள் இருவர். ஒருவருக்குத் தொழில் அரிசி ஆலை, மற்றவருக்குத் தமிழ் கற்பித்தல். சென்னையில் பழைய கார்களுக்கான ஒரு போட்டி நடக்கப்போவதாக அறிந்து பெயர் கொடுத்தோம்.

இவ்வகைப் போட்டியில் வேகம் வெல்வதில்லை. 1998 முதல் நடைபெறும் மான்டி கார்லோ பழம்பெரும் கார்ப் பந்தயமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. குறித்த சராசரி வேகத்தில் குறித்த நொடியில் சாவடியைக் கடக்க வேண்டும். முந்தினாலும் தண்டம், பிந்தினாலும் தண்டம். மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்குப் பத்து மீட்டர் என்று ஒருவர் கணக்குச் சொல்ல, மற்றவர் ஓட்ட வேண்டும்.

பயிற்சிக்குக் கல்வராயன் மலையைத் தேர்ந்தோம். சாமையும் கடுக்காயும் வாங்கத் தந்தையார் ஏறி இறங்கிய பாதை அது. கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையைக் கடந்து, கோமுகி அணைக்கு அப்பால் ஏற்றம் தொடங்கும். வெள்ளிமலைக்குப் பாதித் தொலைவில் இன்ஜின் நின்றது. வெப்பத்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டால் பம்பு அதைத் தள்ளாது. ஈரத்துண்டை பம்பின் மேல் சுற்றிக் காத்திருந்தோம். தந்தையார் கற்றுத்தந்த வைத்தியம். எங்கள் வட்டாரத்துக் கரும்பின் இனத்திலிருந்து வடியும் எத்தனால் இன்று பெட்ரோலில் இருபது விழுக்காடு கலந்திருக்கிறது; பழைய ரப்பருக்கு அது ஆகாது. பம்பின் சவ்வையும் குழாய்களையும் மாற்றினோம். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள். இறக்கத்தில் சூடேறினால் பிடிக்கா. ஏறிய கியரிலேயே இறங்கப் பழகினோம்.

சிக்கல் அந்தக் கியரில்தான் வந்தது. பியட்டின் கியர்த் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டி இருக்க வேண்டும். எங்கள் வண்டியிலோ அது தரையில் இருந்தது. எங்களுக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான். போட்டியில் வண்டியின் மூலத்தன்மைக்கும் மதிப்பெண் உண்டு. பழைய தண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினோம். எங்களுள் தமிழ் கற்பிப்பவர் அதற்கு நியாயமும் சொன்னார்: புறநானூற்றை 1894இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏடு சிதைந்த இடங்களில் தம் சொல்லை இட்டு நிரப்பவில்லை. தரைக் கியர் ஓர் இடைச்செருகல், அகற்றுவதே முறை.

மெக்கானிக் திருகுகளைக் கழற்றத் தொடங்கியபோது அம்மா வந்து நின்றார்.

“எடது தோளு தூக்க முடியாமப் போச்சுன்னுதானே உங்கப்பா அதக் கீழ வச்சாரு. பிடுங்கிட்டா இது யார் வண்டிப்பா?”

எங்களுக்கு அது தெரியாது. வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது கையைத் தாழ்த்தியே வைத்து, அத்தனை ஆண்டுகள் அந்த மலையில் எங்களை ஏற்றி இறக்கியிருக்கிறார். பின்னிருக்கையில் அமர்ந்து மைல்கல் எண்ணிக்கொண்டிருந்த நாங்கள் அந்தத் தோளை ஒருமுறையும் கவனித்ததில்லை. நாங்கள் இடைச்செருகல் என்றது அவர் உடம்பு எழுதிய உரை. திருகுகளைத் திரும்ப முடுக்கச் சொன்னோம்.

போட்டியில் காலக்கணக்கில் நடுவரிசைக்கு வந்தோம். ‘கியர் மூலமன்று’ என்று ஆய்வாளர் குறித்ததால் மொத்தத்தில் கடைசிக்கு அருகே தள்ளப்பட்டோம். அவர் குறித்தது சரியே, முறையிடவில்லை.

வாங்கிய கியர்த் தண்டு ஆலையில் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. விற்கவும் மனமில்லை, பூட்டவும் மனமில்லை.