வெற்று நாற்காலி

இரண்டு நாற்காலிகள். ஒன்றிலே ஒரு மாது அமர்ந்திருக்கிறார். தலையிலே முக்காடில்லை, முகத்திலே அச்சமில்லை. எதிரே உள்ள நாற்காலி வெறுமையாகக் கிடக்கிறது. 2022 செப்டம்பரில் அந்தப் படத்தை என் மகள் என்னிடம் காட்டினாள். "ஒரு முழத் துணிதானே! போட்டுக்கொண்டு கேள்வியைக் கேட்டிருக்கலாமே!" என்றேன் நான்.

மகள் என்னை உற்று நோக்கினாள். "பெரியம்மாவிடமும் 'ஒரு பொட்டுத்தானே' என்றுதான் சொன்னீர்கள், அப்பா!" என்றாள்.

ஆம், சொன்னேன். அண்ணன் மறைந்த பதினாறாம் நாள், ஊரார் கூடி அண்ணியாரின் பொட்டை அழிக்கச் சொன்னபோது, மேடையெல்லாம் பகுத்தறிவு பேசிய நான், "ஒரு பொட்டுத்தானே, அண்ணி!" என்று பணிவுக்குப் பாடம் சொன்னேன். வெட்கம் விரட்ட, அந்த மாதின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அவர் கிறிஸ்டியான் அமன்பூர். 1958-இல் இலண்டனில் பிறந்தவர். தந்தை ஈரானியர், தாய் ஆங்கிலேயர். வளர்ந்த இடம் டெஹ்ரான். 1979-இல் மன்னராட்சி வீழ்ந்தது, மதகுருமார் ஆட்சி எழுந்தது; குடும்பம் நாடிழந்தது. அமெரிக்காவில் இதழியல் பயின்று, 1983-இல் சி.என்.என். தொலைக்காட்சியின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் சாதாரண உதவியாளராகச் சேர்ந்தார். வளைகுடாப் போர் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்திற்று. பொஸ்னியப் போர் அவரை உருவாக்கிற்று.

1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகையிலே சிக்கித் தவித்த நகரம், சரயேவோ. மலைமீது பீரங்கி, தெருவிலே குடத்துடன் தாய்மார்! அவருடைய நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் மார்கரெட் மோத், 1992 ஜூலையில் குண்டு பாய்ந்து தாடை சிதைந்தார். தேறிய பின் அந்நகருக்கே திரும்பினார்! 'ஒரு பக்கம் சாய்கிறார்' என்று அமன்பூரைத் தூற்றியோர் உண்டு. கொல்பவனையும் கொல்லப்படுபவனையும் ஒரே தட்டில் வைப்பது நடுநிலை அன்று, கொடுமைக்கு உடந்தை என்பதே அவர் கொண்ட நெறி. 1994 மே மாதம், சரயேவோவிலிருந்து செயற்கைக்கோள் வழியே, அமெரிக்க அதிபர் கிளிண்டனிடம், பொஸ்னியா பற்றிய உங்கள் ஊசலாட்டம் தீய முன்மாதிரி ஆகாதா என்று கேட்டார். அதிபர் முகம் சிவந்தார். கேள்வி மட்டும் கூனவில்லை!

அத்தகையவர்தான் நியூயார்க் நகரில் ஈரான் அதிபர் ரயீசியைப் பேட்டி காணக் காத்திருந்தார். அந்த நாள் எத்தகைய நாள்? முக்காட்டை முறையாக அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட மஹ்சா அமினி என்ற 22 வயது மங்கை, செப்டம்பர் 16-இல் மாண்டுபோன நேரம். ஈரானியப் பெண்கள் தெருவில் முக்காட்டைக் கொளுத்திய நேரம். குறித்த வேளை கடந்து நாற்பது நிமிடம் ஆனபின் உதவியாளர் வந்தார்: தலையை மூடினால்தான் பேட்டி! ஈரானுக்குள் சென்றபோதெல்லாம் அந்நாட்டுச் சட்டப்படி தலையை மூடியவர்தான் அவர். ஆனால் நியூயார்க்கில் அப்படியொரு சட்டம் ஏது? முன்பு ஈரானுக்கு வெளியே அவர் பேட்டி கண்ட எந்த ஈரானிய அதிபரும் கேட்காத நிபந்தனை இது. முடியாது என்றார். அதிபர் வரவில்லை.

விரும்பி அணிவது ஒருத்தியின் உரிமை. அணிய மறுப்பதும் அதே உரிமை. அதனை ஆணையாக்கும்போதுதான் துணி விலங்காகிறது. அன்று அவர் இணங்கியிருந்தால் கேள்விகள் ஒலித்திருக்கும். ஆனால் தெருவிலே நின்ற பெண்கள் அவற்றைக் கேட்டிருப்பார்களா, அந்த முக்காட்டைப் பார்த்திருப்பார்களா?

இளந்தோழர்களே! 'தானே' என்பது சின்னச் சொல். துணிதானே, பொட்டுத்தானே, சடங்குதானே! அடிமைத்தனம் அந்தச் சொல்லின் தோளேறித்தான் நம் வீட்டுக்குள் நுழைகிறது. நானே கதவைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் படத்துடன் அண்ணியாரிடம் சென்றேன். அன்று நான் சொன்னது தவறு என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. படத்தை வாங்கி, அந்த வெற்று நாற்காலியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.