எவன் எழுதுகிறான்?

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், செலவைக் குறைப்பது பற்றிய கூட்டத்தில் ஒரு மேலாளர் கேட்டார்: "டிஸ்க் நிரம்பினா பெரிசு பண்ணிக்கலாமே, இதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு?" கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்.

முதலில், நிரம்பியது எது? 'இடம் இல்லை' என்று சர்வர் கத்தும். டிஎஃப் போட்டால் பாதி டிஸ்க் காலி. தீர்ந்தது ஐநோடு, அதாவது ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு. ஈஎக்ஸ்டி4-இல் அதன் விகிதம் ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். நாமாக எதுவும் சொல்லாவிட்டால் 16 கேபிக்கு ஒன்று. 100 ஜிபிக்கு ஏறக்குறைய 65 லட்சம். அரை கேபி செஷன் ஃபைலும் ஒரு ஐநோடைத் தின்னும், 10 ஜிபி டேட்டாபேஸ் ஃபைலும் ஒன்றைத்தான் தின்னும். கர்னலோ இரண்டு பற்றாக்குறைக்கும் ஒரே பிழைச் செய்தியைத்தான் தருகிறது.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த சீனியரிடம், ஐநோடு கணக்கைக் காட்டும் டிஎஃப் -ஐ போட்டுப் பார்க்காமல் போய் நின்றால் தொலைந்தோம். "எவ்வளவு பாக்கின்னு அப்புறம் சொல்லு தம்பி. எவன் எழுதறான்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஒரு ராத்திரி ஐம்பது அறுபது ஜிபி லாக் ஃபைல் ஒன்றை யாரோ ஆர்எம் செய்துவிட்டார்கள். இடம் திரும்பி வரவில்லை. டியூ ஒரு கணக்கு, டிஎஃப் வேறு கணக்கு. சுற்றி நின்றவர்கள் எல்லாம் ரீபூட் ரீபூட் என்றார்கள். அவர் யாரையும் கீபோர்டைத் தொட விடவில்லை. எல்எஸ்ஓஎஃப் போட்டு, அழித்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருந்த ஜாவா பிராசஸைப் பிடித்தார். பிராக் வழியாக அதற்குள் போய், லாகின் கடைசி ஆயிரம் வரிகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் ஃபைலை அங்கேயே பூஜ்யமாக்கினார். சர்வீஸ் ஒரு நொடிகூட நிற்கவில்லை. எடுத்து வைத்த வரிகளைப் பார்த்தால், எவனோ டீபக் லாகைப் போட்டுவிட்டு அணைக்க மறந்திருக்கிறான். ரீபூட் செய்திருந்தால் அந்தத் துப்பும் போயிருக்கும்.

இடத்தைக் கூட்டுவதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு: ஈஎக்ஸ்டி4 ரூட்டுக்கென்று ஒதுக்கும் 5 சதவீதத்தை டேட்டா டிஸ்க்கில் ஒரு சதவீதமாகக் குறைப்பார். சிஸ்டம் டிஸ்க்கில் கை வைக்க விடமாட்டார்.

இப்போது கிளவுடில் ஒரு பட்டனை அழுத்தினால் டிஸ்க் வளர்கிறது. ஈஎக்ஸ்டி4-ஐ வளர்த்தால் அதே விகிதத்தில் புது ஐநோடும் கிடைத்துவிடும். அலாரம் அடங்கும். செஷன் ஃபைலைக் கூட்டித் தள்ள வேண்டிய கிரான் ஓடாமல் கிடப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். அமேசானில் வளர்த்த டிஸ்க்கை அப்படியே சுருக்கவும் வழியில்லை. புதிதாக ஒன்று போட்டு எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? டிக்கெட்டில் 'தீர்ந்தது' என்று எழுதி மூடிவிடுகிறார்கள்.

சமீபத்தில் ஒரு பையன் பெருமையாக ஒரு ஸ்கிரிப்ட் காட்டினான். 80 சதவீதத்தைத் தொட்டால் டிஸ்க் தானாகப் பெரிதாகுமாம். எவன் எழுதுகிறான் என்று அது கேட்குமா என்றேன். "அது டெவலப்பர் டீம் வேலை சார்" என்றான். டெவலப்பர் டீமைக் கேட்டால் சர்வர் டீமைக் கை காட்டுவார்கள். மாதாமாதம் பில் ஏறும். அந்த ஸ்கிரிப்ட் ஐநோடு கணக்கைப் பார்க்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.