ஒரே பட்டியலில் பல வகைத் தரவுகள்

உரை, படம், குரல்பதிவு ஆகியவை ஒரே உரையாடல் பட்டியலில் கலந்து வரும்போது, ஒவ்வொன்றுக்கும் உரிய தோற்றத்தைத் தேர்வதை ஆண்ட்ராய்டில் பட்டியல்களைக் காட்டும் கூறான ரீசைக்ளர்வியூ, தரவையும் திரையையும் இணைக்கும் நிரல்பகுதியான அடாப்டரிடம் ஒப்படைக்கிறது. அடாப்டர் தரும் வகை எண்ணின்படியே, திரையை விட்டு நகர்ந்த தோற்றங்கள் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டு, அதே வகைத் தரவு வரும்போது மறுபயன்பாட்டுக்கு வருகின்றன. எண் குறிப்பிடப்படாவிட்டால் அனைத்தும் 0 என்றே கொள்ளப்படும். ஒரே தோற்றத்தில் எல்லா உறுப்புகளையும் அடைத்து, வேண்டாதவற்றை மறைத்துவைக்கும் முறை வருந்தத்தக்கது. மறைக்கத் தவறிய பழைய படம் அடுத்த உரைச்செய்தியில் தோன்றிவிடும் பிழை அதில் எளிதாக நேர்கிறது. தரவு வகைகளை ஒரே வகுப்பின் துணைவகைகளாக எழுதும்போது, கோட்லின் மொழியின் சீல்டு கிளாஸ், அதாவது துணைவகைகள் அனைத்தும் தொகுப்பியால் முன்பே அறியப்பட்ட வகுப்பு, இங்கே அருமையான காப்பாகிறது. புதிய துணைவகை சேர்ந்த பின்னும், வகையை நோக்கிக் கிளைபிரியும் வென் கோவையில் அதற்கான கிளை எழுதப்படாவிட்டால், எல்லாவற்றுக்கும் பொதுவான எல்ஸ் கிளை இல்லாதவரை, தொகுப்பி நிரலை ஏற்க மறுக்கிறது.