மாடியிலிருந்து மாடிக்கு

கார்த்திகை தீபத்தன்று மாலை திருவண்ணாமலையில் செல்போன் இருந்தும் இல்லாதது போலத்தான். மலையைச் சுற்றி நிற்கும் லட்சக்கணக்கானோரும் உச்சியில் எழும் சுடரைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். ஒரு டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் குறிப்பிட்ட அளவு அலைவரிசையைத்தான் பங்கு போட்டுக் கொடுக்கிறது. பங்குதாரர் பெருகினால் பங்கு சுருங்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தால், சிறிய அளவில், இதே கதைதான். அதே வேளையில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் வீடியோ தடங்கலின்றி ஓடுகிறது. ஆக, கூட்டத்தால் அடைபடுவது டவருக்கும் போனுக்கும் இடைப்பட்ட கடைசித் துண்டுதான். கிரிவலப் பாதைக்கு அப்பால் வயலுக்கு நடுவே தனித்து நிற்கும் வீடுகளுக்கு அந்தத் துண்டை விட்டால் வேறு கதியில்லை. ஒற்றை வீட்டுக்காக ஒன்றிரண்டு கிலோமீட்டர் கேபிள் இழுக்க யாரும் எளிதில் முன்வருவதில்லை. அப்படிப்பட்ட வீடுகள், ஃபைபர் வந்துசேர்ந்த வீட்டோடு மாடிக்கு மாடி வைஃபை டிஷ் வைத்து இணைந்துகொள்வதே சரியான வழி என்பது என் கட்சி.

இதற்கு அலைவரிசை லைசென்ஸ் தேவையில்லை. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையையும், 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியையும் மத்திய அரசு லைசென்ஸிலிருந்து விடுவித்தது. வகுக்கப்பட்ட திறன் வரம்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவே. கூட்டம் இதை ஏன் பாதிப்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. டிஷ் ஆன்டெனா தன் சக்தியைச் சில டிகிரி அகலமுள்ள கற்றைக்குள் குவிக்கிறது. பெரும்பாலும் எதிரே உள்ள டிஷ் சொல்வதையே கேட்கிறது. தெருவில் போகிறவர்களின் போன்களுக்கு அந்தக் கற்றையில் பங்கில்லை. அவர்களுடைய ஹாட்ஸ்பாட்டுகளும் அக்கம்பக்கத்து ரௌட்டர்களும் இதே பட்டையில் பேசக்கூடும். ஆனால் அவை மாடி உயரத்துக்குக் கீழே, கற்றைக்கு வெளியே, குறைந்த திறனில் இயங்குகின்றன. சேனலை மாற்றினாலே பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும்.

மலை குறுக்கே நின்றால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. 814 மீட்டர் உயரப் பாறையை எந்த வைஃபையும் துளைக்காது. மலையின் ஒரு புறமுள்ள ரமண நகரிலிருந்து மறுபுறமுள்ள அடி அண்ணாமலைக்கு நேர்க்கோடு கிடையாது; அத்தியந்தல் பக்கம் ஏதாவது மாடியில் நடுவே ஒரு நிலையம் வைத்துச் சுற்றித்தான் போக வேண்டும். மலையின் ஒரே பக்கத்தில் உள்ள வீடுகளுக்குப் பிரச்சினை மரங்கள்தான். எதிர்மாடி கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. அலை, நூல் பிடித்தாற்போலப் போவதில்லை. இரண்டு கிலோமீட்டர் இணைப்பில், 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவழியில் அது சுமார் ஐந்து மீட்டர் ஆரத்துக்குப் பருத்திருக்கும். அதில் மூன்று மீட்டராவது நாலாபுறமும் காலியாக இருந்தாக வேண்டும். சித்திரையில் பளிச்சென்று வேலை செய்த இணைப்பு ஐப்பசி மழையில் தள்ளாடினால், பழியை மழைமேல் போடாமல் வழியில் நிற்கும் புளியமரத்தையும் தென்னையையும் பாருங்கள். நனைந்த இலை இந்த அலையை உறிஞ்சிவிடும். தென்னை வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்து, டிஷ்ஷைத் தாங்கும் குழாயின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

டிஷ்ஷைத் திசை பார்த்து நிறுத்துவதில்தான் பொறுமை வேண்டும். இரண்டு மாடியிலும் ஆளுக்கொருவர் நின்று போனில் பேசியபடி, ஒருவர் டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, மற்றவர் திரையில் சிக்னல் அளவை (டிபிஎம்) படிப்பார். மைனஸ் 80 என்றால் சொத்தை, மைனஸ் 60 என்றால் நல்ல இணைப்பு. முதலில் கிடைக்கும் உச்சத்தில் திருப்தியடைந்து நட்டை முறுக்கிவிடக் கூடாது. முதன்மைக் கற்றையின் இருபுறமும் சின்னச் சின்னப் பக்கக் கற்றைகள் இருக்கும்; அவையும் உச்சம் போலவே ஏறி இறங்கிக் காட்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகே உண்மையான உச்சம் எது என்பது தெரியும். நட்டை முறுக்கும்போதே டிஷ் நகர்ந்துவிடும் என்பதால், இருபக்க நட்டுகளையும் மாறி மாறி, அளவைப் பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும்.

இதெல்லாம் விளையாட்டுக்கு ஆகும், நிலைக்குமா என்று கேட்பவர்களுக்குத் தேனியைச் சொல்வேன். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் சிகிச்சை மையங்களோடு இதே வைஃபையால் 2006 வாக்கில் இணைத்தார்கள்; உடன் உழைத்தது எரிக் ப்ரூவர் தலைமையிலான பெர்க்லி பல்கலைக்கழகக் குழு. சாதாரண வைஃபை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் வருகிறதா என்று காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும், அது வரவில்லையென்று எண்ணித் திரும்ப அனுப்பும். அதை மாற்றி, இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி அந்தக் குழு மென்பொருளைத் திருத்தியது. கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனி மருத்துவர் திரையிலேயே பார்த்தார். 2008-இல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப்படுகிறது. இணைப்புகளைப் படுத்தியதில் முதலிடம் மோசமான மின்சாரத்துக்கு. வோல்டேஜ் எகிறினால் அடாப்டர் போகும். தாழ்ந்தால் ரௌட்டர் செத்தும் சாகாமல் தொங்கி நிற்கும். அவர்கள் கண்ட மருந்து, மின்சாரத்தைச் சீர்செய்வதும், பழுது பார்க்க உள்ளூர் ஆட்களைப் பழக்குவதும். நம் ஊருக்கும் அதுவே பொருந்தும்: நல்ல எர்த், சர்ஜ் ப்ரொடெக்டர், சிறிய யுபிஎஸ், குரங்கு பிடித்து இழுக்காதபடி குழாய்க்குள் போட்ட கேபிள், இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க வீட்டில் ஒருவர்.

வலுவான ஆட்சேபம் சட்டத்தைப் பற்றியது. அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக ஒருவர் வாங்கிய இணைப்பை ஊருக்கு விற்கலாம் என்று ஆகாது. பக்கத்து வீட்டார் செய்யும் தவறுக்கு இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கதவைத்தான் போலீஸ் தட்டும். நியாயமான பயம்தான். அதற்கு வழி, உள்ளூர் கேபிள்காரரையே இதில் கூட்டுச் சேர்ப்பது. இரண்டாம் வீட்டுக்கு அவர் தனிக் கணக்கு தரட்டும். டிஷ் ஜோடி அந்தக் கணக்கைச் சுமந்து செல்லும் பாதையாக மட்டும் இருக்கட்டும். பலருக்குப் பொதுவாகத் தர வேண்டுமானால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம்.-வாணி திட்டத்தில் டீக்கடைக்காரரும் லைசென்ஸ் இன்றிப் பொது வைஃபை நடத்தலாம். நாளைக்கு ஃபைபர் வந்துவிடுமே என்பது இன்னொரு வாதம். வரட்டும். அன்றைக்கு டிஷ்ஷைக் கழற்றி இன்னும் தள்ளியுள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். சில ஆயிரம் ரூபாய்ப் பொருள், கெட்டுப்போகாது. 5ஜி வந்துவிட்டதே என்றால், அதுவும் தீபத்தன்று அதே லட்சம் பேருக்குப் பங்கு போட வேண்டியதுதான்.

இவற்றையெல்லாம்விட என்னை யோசிக்க வைப்பது நடுவே நிற்கும் அந்த மூன்றாவது வீடு. அத்தியந்தல் மாடிக்காரருக்கு இதில் தனக்கென்று லாபமில்லை; மின்கட்டணமும், நேரங்கெட்ட நேரத்தில் படியேறி வரும் ஆட்களும்தான் மிச்சம். அவருக்கும் ஓர் இணைப்பை மற்ற இருவருமாகச் சேர்ந்து எடுத்துக் கொடுப்பது, பேட்டரி மாற்றும் செலவை ஏற்பது, கேட்காமல் மாடியேறாமல் இருப்பது ஆகிய மூன்றையும் டிஷ் வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.